தாய்மாமன் கையில் கொடுத்த மருந்து

இறந்துபோன பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, நன்றாகப் படிப்பாள், அமைதியானவள், யார் வம்புக்கும் போகமாட்டாள் என்று தொடங்குவது நம் ஊர் வழக்கம். என் வகுப்புப் பிள்ளை அப்படி இல்லை. கணக்கில் சுமார், வாய் அதிகம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து கேட்கும் முதல் குரல் அவளுடையதுதான். பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. அவள் சர்க்கரை வியாதியில் செத்தாள் என்று ஊர் சொல்கிறது. பாவம், விதி, என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த வருஷம் அவளுக்கு வகுப்பாசிரியையும் நான்தான். ஒன்பது வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுச் சமாளிக்கிற வகை இல்லை, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். போட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடுவாள், ஆடுவாள். போடாவிட்டால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இதை அவளே எனக்கு ஒரு பாடம் மாதிரி விளக்கியிருக்கிறாள். மருந்தும் ஊசியும் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தன. ஆகவே அவள் வறுமையில் செத்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அப்பா என்றோ விட்டுவிட்டுப் போய் வேறு குடும்பம் நடத்துகிறார். அம்மா அவளுடைய பதினாலாவது வயதில் இறந்துபோனார். மேற்கே ஒரு கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்த விவசாயக் குடும்பம். அம்மாவின் தம்பி கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மாவைத் தூக்கும் முன்னால் அந்தத் தம்பி வாசலில் நின்று, "எங்கக்கா பிள்ளைக்கு இனிமே அப்பனும் நாந்தேன், ஆத்தாளும் நாந்தேன்" என்று சொன்னார். கூட்டமே அழுதது. ஓரமாக நின்றிருந்த நானும் அழுதேன்.

அதற்கு முந்தின வருஷம் அவளுடைய சடங்குக்கு அவர் கொண்டுவந்த சீரைப் பற்றி அந்தத் தெரு ரொம்ப நாள் பேசியது. மேளம் முன்னால் போக, தட்டு வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றதாம். எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பெற்ற தகப்பனைச் சந்தேகப்படுவார்கள், கூடப் பிறந்த அண்ணனைச் சந்தேகப்படுவார்கள், தாய்மாமனை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் தாய்மாமன் வந்து நின்றால்தான் வேலை நடக்கும். இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மதம்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"டீச்சர், எம் மருந்த ஒங்க ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கிறலாமா?"

"ஏன், உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு என்ன வந்துச்சு?"

"ரிப்பேரு டீச்சர்."

டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டில், ஊசி பாக்கெட், ஆஸ்பத்திரி நோட்டு. தலைமையாசிரியையிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். காலையில் பிரேயர் மணிக்கு முன்னால் வந்து ஓர் ஊசி போட்டு, கொண்டுவந்த இட்லியைச் சாப்பிடுவாள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் இன்னோர் ஊசி. வெள்ளிக்கிழமை மட்டும் சனி ஞாயிறுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வாள். மருந்துப் பாட்டிலைச் சாதாரணமாகப் பைக்குள் போடுவாள். ஊசிகளை மட்டும் எண்ணி எடுத்து, ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸுக்கு அடியில் ஒளித்து வைப்பாள்.

"என்னடி, நகைக்கடைக்காரி மாதிரி எண்ணுற?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"நகைய விட இதுக்குத்தான் டீச்சர் எங்க வீட்ல கிராக்கி" என்றாள்.

நான் சிரித்தேன். நல்ல பேச்சுக்காரி என்று பக்கத்து மேஜை டீச்சரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஒரு பிள்ளை தன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அதற்கு மேல் எப்படித்தான் சொல்லும்? சத்தியப் பிரமாணம் எடுத்தா சொல்லும்?

அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ரிப்பேர் ஒன்றும் இல்லை. மாமா அதை விற்றுவிட்டிருந்தார். வலி மாத்திரையை ஊசி வழியாக உடம்பில் ஏற்றிக்கொள்ளும் போதைப் பழக்கம் அவருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கப்பலூர் வேலை போய்விட்டது. அத்தையும் அதில் விழுந்துவிட்டாள். கூட்டாளிகள் பகலிலேயே வந்து முன்னறையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஊசி தேவைப்படும்போதெல்லாம் கை போனது அந்தப் பிள்ளையின் பாக்கெட்டுக்கு. இதெல்லாம் தெருவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அவர் தவறாமல் வருவார். மதுரை வெயிலில், ஃபேன் ஓடாத ஹாலில், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று நினைத்தேன். அந்தச் சட்டைக் கை எதை மூடியிருந்தது என்று இப்போது தெரியும். அன்றைக்கு நான் அதற்கு மார்க் போட்டேன்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. விடுமுறை விட்டால் வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார், ஃப்ரிட்ஜில் ஒன்றும் இருக்கக் கூடாது. டப்பாவை அவளிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு முறை உண்டு. டி.சி., உதவித்தொகைக் கடிதம், மருந்து என்று எது ஒன்று முக்கியமானாலும் பிள்ளை கையில் கொடுக்க மாட்டோம். பெரியவர்களை வரச்சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் கையில்தான் கொடுப்போம். பிள்ளைகள் தொலைத்துவிடுவார்களாம். சனி ஞாயிறு மருந்து என்றால் பரவாயில்லை, விடுமுறை நாட்கள் அத்தனைக்குமான ஊசியும் மருந்தும் இருக்கிறது, இதைப் போய்ச் சின்னப் பிள்ளையிடம் கொடுப்பதா என்று நான் அவள் மாமாவுக்குப் போன் போட்டேன்.

வந்தார். முழுக்கைச் சட்டை. கையெழுத்துப் போட்டார். நான் எழுந்து நின்று, கோயில் பிரசாதம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் டப்பாவைக் கொடுத்தேன். அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"இனி நான் பாத்துக்கிறேன் டீச்சர். நீங்க கவலப்படாமப் போயிட்டு வாங்க. எங்கக்கா பிள்ள" என்றார்.

"தாய்மாமன்னா இப்படி இருக்கணும்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

எப்போதும் "வாரேன் டீச்சர்" என்று கத்திவிட்டுப் போகிறவள், அன்றைக்கு அவர் கையிலிருந்த டப்பாவையே பார்த்தபடி அவர் பின்னால் கேட்டை நோக்கிப் போனாள். எனக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரம். மாட்டுத்தாவணியில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துத் திருநெல்வேலிப் பக்கம் அம்மா வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போய்விட்டேன்.

பிறகு நடந்ததை நான் ஒவ்வொரு வாசலாக ஏறிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு நாள் அவள் ஊசி போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் டப்பாவில் ஓர் ஊசிகூட இல்லை, ஆஸ்பத்திரி நோட்டும் இல்லை. அத்தையிடம் கேட்டதற்கு, "நாளைக்கு வாங்கிக்கிறலாம், போ" என்று பதில். மறுநாள் காலையில் அவளே தெருமுனை மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். அந்தப் பகுதியில் போதைக்கு ஊசி வாங்குகிற இளவட்டங்கள் அதிகமானதால், சீட்டு இல்லாமல் சின்ன வயதுக்காரர்களுக்கு ஊசி தருவதில்லை என்று கடைக்காரர் கறாராக இருந்தார். நல்ல எண்ணத்தில்தான் இருந்தார்.

"எனக்குச் சுகருண்ணே" என்றிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரி நோட்டு எங்கம்மா?"

"மாமாட்ட இருக்கு."

"அப்ப மாமாவக் கூட்டிட்டு வா."

இதைச் சொல்லும்போது அந்தக் கடைக்காரர் என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. அந்த நோட்டைக் காட்டினால்தான் பெரியாஸ்பத்திரியிலும் ஊசி தருவார்கள். அதையும் சேர்த்துத்தானே கொடுத்தேன்.

அங்கிருந்து அவள் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்காவிடம் போயிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "ஒங்க மாமாட்டப் பக்குவமாச் சொல்லும்மா. நான் வந்து கேட்டா நல்லா இருக்காது, தாய்மாமனுக்கு இல்லாத அக்கற எனக்கானு கேப்பாக" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். போகிற இடமெல்லாம் ஒரே பதில், மாமாவிடம் போ. பள்ளிக்கூடம் மாமாவைக் கூப்பிட்டது, கடை மாமாவைக் கேட்டது, அக்கம்பக்கம் மாமாவிடம் அனுப்பியது. மாமா முன்னறையில் டிவி ஓட, கண் செருகிக் கிடந்தார்.

அதற்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை. வாந்தி, தாகம். அத்தை வயிற்றுக் கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்தாளாம். இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், அந்த அக்காவுக்கே மனசு கேட்காமல் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். பின்னறையில் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். முன்னறையில் பெரியவர்கள் நான்கு பேர், ஒருவராலும் எழுந்து நிற்க முடியவில்லை. அந்த அம்மாதான் கத்தி ஆள் கூட்டி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

நான் சேதி கேட்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நின்றது. சடங்கு போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகம், பட்டுச் சேலையும் மாலையுமாக. அதற்குக் கீழே கும்பிட்ட கையோடு மாமா. அவரைச் சுற்றி வட்ட வட்டமாகக் கூட்டாளிகள், அதில் இரண்டு பேருக்குக் கறுப்புக் கண்ணாடி. அவளை விட மாமாவின் படம் பெரிசு. கிழித்து எறிய வேண்டும் என்று கை பரபரத்தது. கிழிக்கவில்லை. டீச்சர் இல்லையா, தெருவில் நின்று ஃப்ளெக்ஸைக் கிழிக்கலாமா!

அவள்மேல் மாமாதான் கோடித் துணி போர்த்தினாராம். "அம்புட்டு அழுதாரு டீச்சர், பாக்க முடியல" என்று நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். அழுதாராம்! முறையைச் செய்ய மட்டும் எழுந்து நிற்க முடிந்திருக்கிறது.

விசாரணைக்குப் போலீஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாதுகாவலரிடம் ஒப்படைக்கப்பட்டதுன்னு மட்டும் சொல்லுங்க, நீங்க கொடுத்தீங்கன்னு சொல்ல வேண்டாம்" என்றார். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. அதற்கு மேல் ஒரு விஷயம் இருந்தது, அதை மட்டும் சொல்லவில்லை. போலீஸிடமும் சொல்லவில்லை, பாவ அறிக்கை ஜெபத்தில் முழங்கால் போட்டபோதும் சொல்லவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வர ரொம்ப நாள் ஆனது. மாமாவும் அத்தையும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். நான் அரசுத் தரப்புச் சாட்சி. அவர்களுடைய வக்கீல் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"டீச்சர், உயிர்காக்கும் மருந்தை என் கட்சிக்காரர் கையில் கொடுத்தது நீங்கள்தானே?"

"ஆமா."

"உங்கள் அனுபவத்தில், பொறுப்பில்லாத ஆள் கையில் கொடுத்திருப்பீர்களா?"

"மாட்டேன்."

"அப்போது, பொறுப்பான ஆள் என்று நம்பித்தானே கொடுத்தீர்கள்?"

கூண்டிலிருந்து மாமா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஃப்ளெக்ஸில் இருந்த அதே கும்பிடு. நான் இரண்டு கையாலும் கொடுத்த மரியாதையைத்தான் அவர்கள் அவருக்கு நற்சான்றாகத் தாக்கல் செய்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நம்பிக் குடுக்கல சார். யோசிக்காமக் குடுத்தேன். தாய்மாமன்னு சொன்னதுக்கப்புறம் யோசிக்கல" என்றேன்.

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

"இன்னும் முடிக்கல சார். நான் ஃப்ரிட்ஜத் தொறந்து டப்பாவ எடுத்ததும், அந்தப் பிள்ளதான் முதல்ல கைய நீட்டுச்சு. 'எங்கிட்டயே குடுங்க டீச்சர்'னு கேட்டுச்சு. பெரியவங்க இருக்கும்போது என்னடி அவசரம்னு சொல்லி, அந்தக் கையத் தட்டிவிட்டுட்டுத்தான் அவருகிட்டக் குடுத்தேன்."