ஜீப் கண்ணாடியில் தெரிந்த மூச்சு

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு பள்ளிக்கூட வாசலில் நடந்தது இது. அந்த வாசலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பனிதான். கொடிமரம், இலவ மரம், ஓட்டுக் கட்டடம் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

எனக்கு ஊர் வடக்கனந்தல். பத்தாவது வரை படித்தேன். மலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். பேசக் கூச்சப்படுகிறவன். யாராவது ஏறினால் தலையை ஆட்டுவேன், இறங்கினாலும் அதே தலையாட்டல்தான். "உன்ன வுட உன் ஜீப்பு ஹாரனு ஜாஸ்தி பேசுது" என்பாள் என் மனைவி.

அந்த வருடம் வியாழக்கிழமைதோறும் ஒரு டீச்சரை மலைக்குக் கூட்டிப்போகிற வேலை கிடைத்தது. பாடம் நடத்துகிற டீச்சர் இல்லை. பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசப் பழக்குகிறவர். சின்ன வயது, எலவனாசூர்கோட்டைப் பெண். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வடக்கனந்தல் வருவார், அங்கிருந்து என் ஜீப்பில் ஏறுவார். பிள்ளைகள் அவரைப் 'பேச்சு டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு பச்சைத் துணிப்பை இருக்கும். சின்னக் கண்ணாடி, பட அட்டைகள், ஸ்ட்ரா, சோப்பு நுரை ஊதுகிற புட்டி, கோழி இறகு என்று அதற்குள் இல்லாதது இல்லை. அந்தப் பையைக் கண்டாலே பிள்ளைகள் ஓடிவரும்.

அன்றைக்கு ஏறியதிலிருந்தே டீச்சருக்கு ஒரே ஒரு பெண்ணின் நினைப்புதான். மேல்வாய் பிளந்து பிறந்த பெண். இரண்டாம் வகுப்பு. ஆபரேஷன் செய்து தைத்தாயிற்று. ஆனால் மூச்சு மட்டும் பழைய பழக்கத்தில் வாய்க்கு வராமல் மூக்குக்கே போகிறது. அதனால் 'ப' என்று சொன்னால் 'ம' என்று வரும். பப்பாளியை அவள் 'மம்மாணி' என்பாளாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டன. அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை, அங்கேயே உள்ள விடுதியிலும் தங்குவதில்லை. அவளுடைய அப்பா இல்லை. அம்மா அன்று மத்தியானம் ஊர்க்காரர்களோடு குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் புறப்படுகிறார், மகளையும் கூட்டிக்கொண்டு. போவதற்கு முன் ஒருமுறை பேச்சு டீச்சரைப் பார்த்துவிட்டுப் போகும்படி தலைமையாசிரியை கெஞ்சிக் கேட்டதால், காலையில் வருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டிருந்தார்.

"இப்ப போயிட்டா மழைக்காலத்துக்குதான் திரும்புவாங்க அண்ணா. அதுக்குள்ள மூக்குல பேசறது அப்படியே ஊறிப்போயிடும். பள்ளிக்கூடமும் வுட்டுப்போயிடும்" என்றார் டீச்சர். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பனி இறங்கியது. விளக்கைப் போட்டும் முன்னால் இரண்டு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. ஜீப் ரோட்டில் போகிறதா, மேகத்தில் போகிறதா என்று தெரியவில்லை. தூங்கிக்கொண்டே ஓட்டுவது போல ஒரு மயக்கம். ஆனால் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் இறங்கிய பிறகுதான் பை இல்லை என்பது தெரிந்தது. சத்துணவுக்குப் போகிற முட்டை அட்டைகளைப் பின்னால் அடுக்கியிருந்தேன். பையையும் அங்கேதான் வைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்து வைத்திருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் பஸ்ஸில் கூட்டம் என்றால், நிற்கிறவர்கள் கையில் இருப்பதை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார்கள். தெரிந்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. பை, குழந்தை, பால் தூக்கு எதுவானாலும் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். டீச்சரும் அப்படித்தான் ஓர் அம்மாவின் மடியில் பையைக் கொடுத்திருக்கிறார். வடக்கனந்தலில் கூட்டத்தைப் பிளந்து இறங்கும்போது, பை அந்த மடியிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் போனுக்கு டவர் கிடைப்பது கொடிமரத்தடியில் மட்டும்தான். அங்கே போய் நின்று, வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் என் பங்காளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பார்க்கிறேன் என்றான். கிடைத்தாலும் மத்தியானத்துக்கு முன் வராது.

அந்தப் பெண்ணின் அம்மா தாழ்வாரத்தில் துணி மூட்டையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். பை இல்லை என்று கேட்டதும் அவர் கோபப்படவில்லை. எழுந்து மூட்டையைத் தூக்கினார்.

"சரி வுடும்மா. இவளுக்கு எழுதுனது அவ்ளோதான்" என்றார்.

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. பனியிலிருந்தே பிய்ந்து வருவது போல அது வாசலெங்கும் மிதந்தது. சமையலறை ஓரத்தில் ஒரு பப்பாளி மரம் நின்றது. டீச்சர் கடைசியாகப் பார்த்தது என் ஜீப்பை.

"அண்ணா, அந்தக் கண்ணாடி கழலுமா?"

ஸ்பேனரை எடுத்துப் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். பனியில் ஜில்லென்று இருந்தது. டீச்சர் பப்பாளி இலை ஒன்றை ஒடித்து, அதன் நீண்ட காம்பை இரண்டு பக்கமும் அறுத்து, பால் போகும்வரை கழுவினார். நல்ல குழாய் ஆகிவிட்டது. ஒரு கைப்பிடிப் பஞ்சைக் கொண்டுவந்து என் ஜீப் பானெட்டின் மேல் வைத்தார். மலை ஏறிய சூடு பானெட்டில் இன்னும் இருந்தது.

பெண் வரவில்லை. அம்மாவின் சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். டீச்சர் அவளைக் கூப்பிடவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க வாங்க. நம்ம ரெண்டு பேரும் விளையாடலாம்."

தாழ்வாரத்தில் தலைமையாசிரியை நிற்கிறார், சமையல்கார அம்மா நிற்கிறார், ஜன்னல் கம்பிகளுக்குள் வகுப்புப் பிள்ளைகளின் தலைகள். ஆட்டம் இதுதான்: பஞ்சுக்கு நேராக வாயை வைத்து 'ப' என்று சொல்ல வேண்டும், பஞ்சு ஓட வேண்டும். வெறுமனே ஊதக் கூடாது. ஊதப் பழகினால் ஊதத்தான் வரும், பேச்சு வராது என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போய்விடலாமா என்று தோன்றியது. அப்போது சேலை விளிம்புக்கு மேல் ஒரு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். அந்தக் கண்களும் என்னைப் போலவேதான் பயந்துகொண்டிருந்தன.

குனிந்தேன். 'ப' என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பஞ்சு அசையாமல் கிடந்தது.

"நல்லா வாயத் தொறந்து சொல்லுப்பா. கல்யாணத்துலயாவது பேசுனியா?" என்றார் சமையல்கார அம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுபடியும் சொன்னேன். பஞ்சு துள்ளி ஓடியது. டீச்சர் என் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கண்ணாடியில் மூச்சின் ஆவி படியவில்லை. மூச்சு மூக்கில் வராமல் வாயில் போகிறது என்று அதற்கு அர்த்தமாம். "டிரைவரண்ணா மீசையே காத்த புடிச்சி வெச்சிக்குது போல" என்றார். பெண் சிரித்துவிட்டாள். மூக்கால் வந்த சிரிப்புதான். ஆனால் சேலை முகத்தைவிட்டு நழுவிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. பனியில் யார் எப்போது வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவள் குனிந்து சொன்னாள், 'ம' என்று வந்தது. பஞ்சு அசையவில்லை. மூக்குக்குக் கீழே பிடித்த கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. தன் மூச்சைத் தானே பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல்முறை. விரலால் அதைத் தொட்டாள். பப்பாளிக் காம்பின் ஒரு முனையை மூக்கருகிலும் மறுமுனையை அவள் காதிலும் வைத்தார் டீச்சர். அவள் சொல்லச் சொல்ல, காற்று ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கண்கள் விரிந்தன.

பிறகு டீச்சர் தன் இரண்டு விரலால் அவள் மூக்கை மெதுவாகப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னார். 'ப்' என்று வெடித்தது. பஞ்சு பானெட்டைத் தாண்டிப் பறந்தது. அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஏனோ எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் விரலை எடுத்தால் பழையபடி 'ம'. மூக்கைப் பிடித்தால் 'ப', விட்டால் 'ம'. எத்தனை முறை என்று கணக்கில்லை. அவள் சொல்கிறபோதெல்லாம் நானும் கூடவே சொன்னேன். நான் சொன்னால்தான் அவள் சொன்னாள். வெயில் மெல்ல வந்து பனியைத் தங்க நிறமாக்கியது. வேறு சத்தமே இல்லை. நாங்கள் மூன்று பேர், ஒரு எழுத்து, பறக்கிற பஞ்சு. உலகத்தில் மற்ற எழுத்துகள் எல்லாம் இனிமேல்தான் பிறக்கப் போகின்றன என்பது போல இருந்தது.

அம்மா நிமிர்ந்து நிமிர்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூட்டையோடு ஜீப் பக்கத்தில் வந்தார்.

"நேரமாவுது டீச்சர். வெள்ளிமலைல வண்டி நிக்காது. வா பாப்பா."

டீச்சர் பப்பாளிக் காம்பை அவரிடம் நீட்டினார். ஒரே ஒரு தடவை, இதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு முனை மகளின் மூக்கருகே, மறுமுனை அம்மாவின் காதில். டீச்சர் இந்த முறை மூக்கைப் பிடிக்கவில்லை. நான் வாயைக் குவித்தேன். பெண் என் வாயையே பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஒண்ணியும் கேக்கலியே டீச்சர்" என்றார்.

"அதாங்க்கா வேணும்" என்றார் டீச்சர். "மூக்குல காத்து வரல. பஞ்சப் பாருங்க."

பஞ்சு பானெட்டில் இல்லை. அம்மாவின் மூட்டை மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா மூட்டையைக் கீழே வைத்தார். "இன்னொருவாட்டி சொல்லு பாப்பா" என்றார். மகள் அம்மாவைப் பார்த்து, யாரும் கேட்காமலே ஒரு முழு வார்த்தை சொன்னாள். "பம்மாணி."

முதல் எழுத்து மட்டும்தான் சரி. மற்றதெல்லாம் பழையபடிதான். ஜன்னலில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

அம்மா அழுதுகொண்டே தலைமையாசிரியையிடம் போனார். மகள் விடுதியில் தங்குவாள் என்று அங்கே முடிவாயிற்று. யாரும் அவளை மம்மாணி என்று கூப்பிடாதபடி பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று தலைமையாசிரியை வாக்குக் கொடுத்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாரும் வெள்ளிமலைக்குப் போனோம். மிளகு பறிக்கப் போகிறவர்களின் வண்டி புறப்படத் தயாராக நின்றது. அம்மா ஏறும்போது என்னிடம் சொன்னார்: "அண்ணே, வாரா வாரம் டீச்சர இட்டுக்கினு வரீங்க இல்ல. அப்ப உங்க போன்லருந்து எனக்கு ஒரு போன் போட்டு, இவள பேச சொல்லுங்கண்ணே."

நான் தலையாட்டவில்லை. "போடறேங்க" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

அந்த வண்டி வளைவில் மறையவும் கீழிருந்து பஸ் வரவும் சரியாக இருந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே பச்சைப் பையை நீட்டினார். அந்த முகம் தெரியாத அம்மா அதைப் பத்திரமாகக் கள்ளக்குறிச்சி பஸ் கண்டக்டரிடம் ஒப்படைத்திருக்கிறார். அது டீக்கடைக்கு வந்து, மலை பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் யார் யார் மடியிலோ உட்கார்ந்து வந்திருக்கிறது. டீச்சர் திறந்து பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. சிரித்துக்கொண்டே பப்பாளிக் காம்பையும் ஒரு பிடிப் பஞ்சையும் அதற்குள் வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து கொடிமரத்தடியில் நின்று போன் போட்டேன். முதலில் நான்தான் பேச வேண்டும். "அக்கா, டிரைவர் பேசறேன், நல்லா இருக்கீங்களா" என்று சொல்லிவிட்டு அவளிடம் கொடுப்பேன். ஒரு வாரம் ஒரு எழுத்து திருந்தும், அடுத்த வாரம் அது போய்விடும், பிறகு திரும்பி வரும். மழைக்காலம் தொடங்கி அம்மா ஊர் திரும்புவதற்குள், பப்பாளி கிட்டத்தட்டப் பப்பாளியாகிவிட்டது. இப்போது அவள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். என் ஜீப்பைக் கண்டால் ஓடிவந்து அந்தக் கண்ணாடியில் முகம் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

பேசத் தெரியாதவன் என்று நானே நினைத்திருந்த என்னை, ஒரு பிள்ளையின் பேச்சுக்குத் துணையாக நிற்க வைத்தது அந்தக் காலை. இன்றைக்கும் பனி நாளில் கண்ணாடியைத் துடைக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் அதற்கு நேராக ஒரு முறை 'ப' என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு சின்னக் குரலும் சேர்ந்து சொல்வது போலவே இருக்கிறது.