முப்பது என்று எழுதிய மூன்று விநாடி

சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் ரப்பர் வாஷர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டர் தெரியாது. அந்தப் பிரஸ் தெரியும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். பட்டன் என் பக்கம். எதிர்ப்பக்கம் நிற்கிறவள் அச்சுக்குள் கைவிட்டு வெந்த வாஷர்களை எடுப்பாள், பிசிறைத் துடைப்பாள், "ஆச்சு" என்பாள். நான் அழுத்துவேன். மணி அடிக்கும். மூன்று விநாடி கழித்துத்தான் மேல் அச்சு இறங்கும். "ஆச்சு" சொன்ன பிறகும் ஒரு பிசிறு கண்ணில் பட்டால் கை மறுபடி உள்ளே போகும். எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பீஸ் கெட்டால் திட்டு வாங்குவது அவள்தானே. மணி கேட்டதும் இழுத்துக்கொள்வாள்.

அந்த மூன்று விநாடி முதலில் இல்லை. கிருமாம்பாக்கத்திலிருந்து வந்தவளுக்கு இரண்டு விரல் போன பிறகு வைத்தார்கள்.

போன வருஷம் கண்ட்ரோல் பெட்டி செத்துப்போனது. அதே பெட்டி இப்போது கிடைக்காதாம். புதிது வந்தது. பழைய புரோகிராம் இதற்குப் புரியாது, வேறு பாஷை, மாற்றி எழுதணும் என்றார்கள். சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். முக்கால்வாசியை லேப்டாப்பே மாற்றிக் கொடுத்துவிட்டது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

"மணி அடிச்சி மூணு செகண்டு நிக்குமா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாம் அப்படியே வந்திருக்கும்மா. பழசுல முப்பதுன்னு இருந்துச்சு. புதுசுலயும் முப்பது. பாத்துட்டேன்."

"முப்பதா? மூணு இல்லியா?"

சூப்பர்வைசர் சிரித்தார். "இன்னாமா, நீ புரோகிராம் படிக்கப் போறியா? ரெண்டு நாளா மிஷின் நிக்குது. போய் நில்லு."

எதிர்ப்பக்கம் அன்றைக்கு வில்லியனூர்க்காரி. கல்யாணமாகி ஆறு மாதம். கையுறையை மாட்டிக்கொண்டு அச்சுக்குள் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கைய எடுத்துட்டுத் தள்ளி நில்லுடி."

"ஏன்க்கா?"

"தள்ளுன்னா தள்ளு."

மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தேன். அவள் கை போகிற இடத்தில் நீட்டி வைத்தேன். "அச்சு கெட்டுடும்மா, எடு அத" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவர் வருவதற்குள் அழுத்திவிட்டேன்.

மணியும் அச்சும் ஒன்றாக வந்தன.

விளக்குமாறு நொறுங்கிக் குச்சி குச்சியாகச் சிதறியது. வில்லியனூர்க்காரி குச்சிகளைப் பார்த்துச் சொன்னாள். "இனிமே பெருக்கக்கூட ஆவாதுக்கா." உதடு வெளுத்திருந்தது.

இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பழைய பெட்டி ஒரு விநாடியைப் பத்தாக வெட்டி எண்ணுமாம். புதிது ஆயிரமாக வெட்டி எண்ணுமாம். முப்பது வந்துவிட்டது. எதில் முப்பது என்பது வரவில்லை. "எதுக்கு இந்த முப்பதுன்னு பழசுல ஒரு வரிகூட எழுதி வைக்கல," என்றார். மூவாயிரம் என்று மாற்றினார்.

"ரெண்டு சைபர்தான. போட்டாச்சு இல்ல? ஓட்டு," என்றார் சூப்பர்வைசர்.

ரெண்டு சைபர். அவர் கை அந்த அச்சுக்குள் ஒரு நாளும் போனதில்லை. திட்டினால் அழுதுவிடுவேன் என்று திட்டவில்லை.

அதற்குள் ரிஜிஸ்டரை நீட்டினார். ஒரு மணி நேரம் மிஷின் நின்றதற்குக் காரணம் ஆப்பரேட்டர் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. வில்லியனூர்க்காரி படித்துச் சொன்னாள். நான் கையெழுத்துப் போடவில்லை.

"வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார். மொதல்ல ஒரு தாள் எடுங்க. மணிக்கப்புறம் மூணு செகண்டு ஏன் நிக்குதுன்னு தமிழ்ல எழுதுங்க. வெரல் போனதையும் எழுதுங்க. பொட்டி மேல ஒட்டுங்க."

"ஒட்டலன்னா?"

பட்டனிலிருந்து இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வில்லியனூர்க்காரி கையுறையைக் கழற்றினாள். அடுத்த பிரஸ்ஸில் இருந்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இன்ஜினியர்தான் எழுதினார். சூப்பர்வைசர் டேப் கொண்டுவந்து ஒட்டினார், கோணலாக. அதை வில்லியனூர்க்காரி இரண்டு தரம் சத்தமாகப் படித்தாள். அப்புறம்தான் பட்டனைத் தொட்டேன்.