பாட்டு முடிந்த பிறகும் அசைந்த உதடு

காப்பாரில் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இருந்த ஆட்கள் தங்கும் கொட்டகையை விட்டு, கிள்ளான் டவுனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். என் கட்டிலை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சவரக் கத்தி. யாராவது பேய், ஆவி என்று பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சுடுகாட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு மாதம் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நடந்ததும் இருட்டில் இல்லை, பகல் மூன்று மணிக்கு மேல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். என்னைத் தாண்டிப் போன பழைய கார் ஒன்று நின்று, பின்னோக்கியே உருண்டு என்னிடம் வந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி இறங்கி, நான் வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் திரும்பிப் போய் மறுபடி நடந்து வர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்றேன். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். முதல் கட்டத்தில் தோளில் பையோடு சாலையோரம் நடக்கும் ஒருவன்.

"பாருங்கண்ணே, இது நீங்கதான். போன மாசமே வரைஞ்சிட்டேன்."

அவள் பெயர் யாழினி. காரை ஓட்டியவன் ஜெகன், கேமராவும் அவனுடையதுதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் இருவரும் படித்தார்கள். கூடப் படிக்கும் பையன் ஒருவன் பாடிய பாட்டுக்கு மியூசிக் வீடியோ எடுத்து மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். வேலை தேடி நடக்கிற ஒருவனின் பாட்டு அது. பாடியவனே நடிப்பதாக இருந்தது, அவன் வரவில்லை.

"ஹீரோவுக்குக் காய்ச்சலாம்ணே," என்றான் ஜெகன். "கேமராவப் பாத்தா மட்டும் வர்ற காய்ச்சல்."

யாழினி சிரிக்கவில்லை. அந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தாள். அவளுடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். அரசாங்க உத்தியோகத்தைத் தவிர வேறெதையும் வேலையாக மதிக்காத யாழ்ப்பாணத்துக் குடும்பம். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டு குமாஸ்தா வேலைக்கு மனுப் போட வேண்டும் என்று தீர்ப்பு ஆகியிருந்தது. பஸ் நேரம் சொல்வது போல இதைச் சொன்னாள். பிரிக்பீல்ட்ஸ் வரை சவாரி, அங்கே ஒரு இலைச் சாப்பாடு என்று பேசிக்கொண்டு நான் ஏறினேன்.

போகிற வழியில் பாடம் எடுத்தாள். முப்பது மியூசிக் வீடியோக்களைக் கையில் கடிகாரத்தோடு பார்த்து எழுதி வைத்திருந்தாள். எந்தக் காட்சியும் மூன்று நான்கு வினாடிக்கு மேல் நிற்பதில்லையாம், தாளம் விழுகிற இடத்தில்தான் வெட்டுவார்களாம். பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் பாடுகிறவன் முகம் பெரிதாக வர வேண்டும். ஒரு பக்கம் அவன் பாடுவது, இன்னொரு பக்கம் ஒரு கதை, இரண்டையும் மாற்றி மாற்றிக் கோப்பார்கள். சினிமாவில் கேமராவைப் பார்த்தால் திட்டு, இதில் பார்க்காவிட்டால் திட்டு. கதை முடியவே வேண்டியதில்லையாம். அது எப்படி என்று கேட்டேன்.

"பாட்டு முடிஞ்சா போதும்ணே. கதைய யாரும் கேக்க மாட்டாங்க."

நோட்டின் ஏழாவது கட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைப் போல முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, ஒரு வாசலில் நிற்கிறாள். அந்தக் கட்டத்தை நன்றாகப் பார்த்தேன், அதனால்தான் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் பாலை உறைய வைத்துப் புகை போடுகிற, இப்போது மூடிக் கிடந்த ஒரு பழைய ஸ்டோருக்குப் போனோம். தோட்டம் செம்பனைக்கு மாறி வெகு நாளாயிற்று, புகையேறிய கறுத்த சுவர் மட்டும் இருந்தது. அங்கேதான் தகராறு. கேசட்டுக்கு ஏற்ப நான் வாயசைக்க, பாட்டை எழுதிய தாளைக் கொடுத்தாள். தமிழ்ப் பாட்டு, ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழைப் பேசுவாள், எழுதத் தெரியாது. நான் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை போனவன், தமிழெழுத்தைத் தவிர வேறு தெரியாது. ஒரே பாட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. ரேடியோ கேசட்டில் இரண்டு முறை போட்டுக் காட்டினாள். பல்லவியில் பாதி பிடிபட்டது, மற்றது நிற்கவில்லை.

மேகம் திரண்டுகொண்டு வந்தது. முதல் தடவை என் வாய் பாட்டுக்குப் பின்னால் ஓடியது. இரண்டாவது தடவை ஜெகன் கேமராவுக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டான். யாழினி மட்டும், "இன்னொரு தடவைண்ணே, வரும்," என்று கேசட்டைத் திருப்பிச் சுற்றினாள். அந்தக் குரலைக் கேட்டபின், எப்படியும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவது என்று எனக்கும் ஒரு பிடிவாதம் வந்தது.

மூன்றாவது தடவை, கேமராவுக்கு வலது பக்கம் அந்தப் பெண் நின்றாள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஏழாவது கட்டத்தில் நடிக்கிறவள் வந்துவிட்டாள் போல, எனக்கு உதவ நிற்கிறாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு துளி முன்னால் அவள் உதடு திறந்தது. நான் அதையே பார்த்து என் உதட்டை அசைத்தேன். ஒரு சொல் தவறவில்லை. பாட்டு முடிந்து கேசட் டக்கென்று நின்றது. அவள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. ஜெகன் "கட்" என்ற பிறகுதான் கண்ணை எடுத்தேன், உடனே மழை கொட்டியது, சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடினோம்.

காரில் ஏறியதும், அந்த அக்கா ஏறவில்லையா என்று கேட்டேன்.

"எந்த அக்கா?" என்றாள் யாழினி.

சொன்னேன். ஜெகன் காரைக் கிளப்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அந்த வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் ஏழாவது கட்டத்தைப் போன வாரமே விட்டுவிட்டார்களாம். ஸ்டோர் வாசலில் எங்கள் மூன்று பேர் காலடிதான் இருந்தது என்று நான் கதை விடமாட்டேன், அந்த மழையில் எவனும் காலடி பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கல்லூரியின் எடிட்டிங் அறையில் போட்டுப் பார்த்தோம். என் கண் கேமராவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் பார்க்கிறது. உதடு பாட்டின்மேல் அச்சுக் குத்தியது போல உட்கார்ந்திருந்தது. பாட்டு நின்ற பிறகு, நான்கைந்து சொல் அளவுக்கு அது தொடர்ந்து அசைந்தது. நாடாவில் குரல் இல்லை, முதல் மழைத்துளி தகரத்தில் விழும் சத்தம் மட்டும். யாழினி நான்கு முறை திருப்பிப் போட்டாள்.

"என்னண்ணே சொல்றீங்க இதுல?"

தெரியவில்லை என்றேன். ஜெகன் அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றான், வெட்டாவிட்டால் தான் கிளம்புவதாகவும் சொன்னான்.

"யார் நின்னா எனக்கென்ன லா," என்றாள் அவள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு இது மேசையில இருக்கணும். நீ போறதுன்னா போ."

அவன் போகவில்லை. அந்த வினாடிகள் வெட்டுப்படவும் இல்லை. பாட்டு முடிந்தும் முகம் பேசிக்கொண்டிருப்பதைத்தான் கடைசிக் காட்சியாக வைத்தாள். அவள் பாஸாகிவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தக் காட்சிக்கே தனியாகப் பாராட்டினார்களாம்.

இலைச் சாப்பாட்டை முடித்து, ரயில் நிலைய பெஞ்சில் படுத்தேன். விடிந்து குழாயடியில் கையகலக் கண்ணாடியை வைத்துச் சவரம் செய்யும்போது, வாய் தானாக அந்த வடிவத்துக்குப் போவதைப் பார்த்தேன். வெட்டுக்காயத்தோடு நிறுத்தினேன். இனி திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியே பஸ் ஏறி ஸ்ரீ கெம்பாங்கான் போனேன். அங்கே ஓர் ஆணித் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகக் கேள்வி. பெயரைக்கூட அடையாள அட்டையை நீட்டித்தான் சொன்னேன். உடனே மெஷினில் நிறுத்தினார்கள். உள்ளே அவ்வளவு சத்தம், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. வெகு நாள் வேலை செய்தவர்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள், பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

எதிர் மெஷினில் லெட்சுமி அக்கா. பத்து மணி சுமாருக்கு நிமிர்ந்தேன், அவர் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். அதே நான்கைந்து சொல், அதே வரிசை.

தேநீர் நேரத்தில் அவரிடம் நேராகப் போய், என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி சொன்னேன்? காலையிலேர்ந்து நீதான் அதையே சொல்லிக்கிட்டு இருக்கே. புரியல, அதான் உன்னைய மாதிரியே செஞ்சு காட்டி, என்னா அதுன்னு கேட்டேன்."

அவரிடம் இதைக் கேட்கும் வரை, காலையிலிருந்து நான் வாயைத் திறக்கவே இல்லை. கடித்த பல் அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது. மணி அடித்தது, போய் மெஷினைப் போட்டேன்.