கம்பளையில் இருக்கிறது என் கிளவுட்

வீட்டில் படங்களும் வீடியோக்களும் சேமிக்கும் கணினிப் பெட்டிக்கு இணையத்துக் கிளவுட்டில் நகல் வைக்க மாதாமாதம் டொலரில் கட்டணம். உலகமே திணறும் இந்தப் பிரச்சினையை நான் அரைமணியில் தீர்த்தேன். நகலை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, கம்பளையிலுள்ள சம்பந்தி வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். செலவு பூச்சியம்!

இன்று கண்டி பஸ்ஸில் வரும்போது சம்பந்தியம்மாவின் அழைப்பு.

“அண்ணே, பிள்ளைங்க கல்யாண வீடியோ பார்க்க அந்த டிஸ்க்க டீவியில மாட்டினோம்.”

“எப்படி, தெளிவா இருக்கா?”

“ரொம்பத் தெளிவு. அதுல நீங்க எங்க சாப்பாட்டுல உப்பே இல்லைன்னு பந்தியில சொல்லிச் சிரிக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க, உப்ப அள்ளிப் போடுறோம்.”

என் திட்டத்தில் குறையே இல்லை. டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் மட்டும்தான் போடவில்லை.

ஞாயிறு போய் டிஸ்க்கை மீட்பதா, பேசாமல் கிளவுட்டுக்கே பணம் கட்டுவதா? சம்பந்தி உள்ளவர்கள் கீழே சொல்லுங்கள்.