கோட்டுக்கு மேலும் கீழும்

"பனியுகப் பனி உருகியதால் கடல் ஏறியது, பனியின் பாரம் நீங்கி நிலம் எழும்பிய இடங்களில் கடல் இறங்கியது" என்று பேத்தி படித்தாள்.

"ஒரே கடல் எப்படீங்க அப்புச்சி ஏறி எறங்கும்?"

எனக்குப் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அறுபதுகளில், எங்கள் திருப்பூர் வீட்டில் பனியன் துணி வெளுக்கும் தொட்டிக்குள் சுற்றிலும் அளவுக்கோடு போட்டிருந்தார்கள்.

கிழக்கு முனையில் நின்று அப்பா, "தண்ணி கோட்டுக்கு மேல நிக்குது, ஆரு இத்தனை ஊத்துனது?" என்று கத்துவார்.

மேற்கு முனையிலிருந்து அம்மா, "கோட்டுக்குக் கீழதானுங்க கெடக்குது!" என்பாள்.

தினமும் இதே ரோதனை. ஒருவராவது மறுமுனைக்குப் போய்ப் பார்த்தால்தானே! அப்பா கிழக்கே குவித்த ஈரத்துணியின் பாரத்தில் தரை அமுங்கித் தொட்டியே சாய்ந்திருந்தது.

ஒருநாள் அது விரிசல் விட்டு, மொத்தத் தண்ணீரும் ஓடிப்போனது.

"இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங்க இருக்குது" என்றாள் அம்மா.