கட்டம் அக்காவின் குடும்பம்

எங்கள் பிரிவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கட்டம் அக்கா என்றால்தான் தெரியும். பரம்பரை நோய்க்கு வருகிறவர்களை உட்கார வைத்து, தாத்தா பாட்டி தொடங்கிப் பேரப்பிள்ளை வரைக்கும் கேட்டு, பெரிய தாளில் குடும்பத்தையே வரைவது அவள் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. செத்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரத்தம் எடுக்கிற நர்ஸ் நான். கையில் ஊசி வைத்திருப்பவள் நான். ஜனங்கள் பயந்ததென்னவோ அவள் பென்சிலுக்குத்தான்.

பயப்படாமல் என்ன செய்வார்கள்? குடும்பம் என்றால் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாத சங்கதி ஆயிரம் இருக்கும். சித்தப்பா மாடிப்படியில் தவறி விழுந்தார் என்பார்கள். "தவறி விழுந்தாரா, தள்ளாடி விழுந்தாரா?" என்பாள். அத்தைக்குப் பேய் பிடித்தது என்பார்கள். "பேய் பிடிக்கிறதுக்கு முன்னாடியே கை ஆடுச்சா?" என்பாள். குடித்தே செத்தார் என்று யாராவது சொன்னால் போச்சு, பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். "குடிச்சதை யார் கண்ணால பார்த்தீங்க?"

அவள் அப்படிக் கேட்பதற்குக் காரணம் ஒரு நோய். நடுவயதில் மெல்ல எட்டிப் பார்க்கும். கை கால் தானாக ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், கோபம் மூக்குக்கு மேல் வரும். குணமாக்க மருந்து கிடையாது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. அந்த நோயில் போன எத்தனையோ பேரை ஊர் குடிகாரக் கணக்கில்தான் எழுதியிருக்கிறது.

இத்தனையும் தெரிந்த மகராசி தன் வீட்டில் என்ன செய்தாள் தெரியுமா?

அவள் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். இளவயதில் கொஞ்சம் குடித்து, மகள் பிறந்ததும் விட்டவர். கொஞ்ச காலமாகக் கடையில் அவர் கைக்குக் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தது. வெட்டு கோணிப் போயிற்று. போதையோடு வேலைக்கு வராதே என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டிலும் டம்ளர் கை நழுவியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினார். இவள் வாயை ஊதச் சொன்னாள். வாசனை இல்லை. "வாசனை தெரியாம குடிக்கக் கத்துக்கிட்டாரு" என்று என்னிடம் வந்து அழுதாள். அவருடைய அப்பா குடித்தே செத்தவர் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்களாம். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்றாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருமுறை தோழியோடு வீட்டுக்கு வந்திருந்தபோது, கூடத்தில் அந்தப் பெண் எதிரிலேயே அவர் தடுமாறி விழுந்தார். மகளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "உன் தலைமேல சத்தியமா அப்பா குடிக்கலைடா" என்று தலையில் வைக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். "குடியை விடற வரைக்கும் எனக்கு அப்பா இல்ல" என்று கிளம்பிப் போனாள். கட்டம் அக்கா அவர் துணிகளைப் பையில் திணித்து, அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு காலை அந்த நாத்தனாரே எங்கள் பிரிவுக்கு வந்து நின்றாள். கை நடுக்கத்துக்கு எங்கேயோ காட்டியிருக்கிறாள். அந்த டாக்டர் இங்கே அனுப்பியிருக்கிறார். சொந்தக்காரர்களுக்கு வரையக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "வெறும் நரம்புத் தளர்ச்சியா இருக்கும், நானே போட்டுடறேன்" என்று இவள் தாளை விரித்தாள்.

"உங்க அப்பா?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. குடிச்சே போனாரு."

பழக்க தோஷம், வாயில் அதுவே வந்தது. "குடிச்சதை யார் கண்ணால பார்த்தீங்க?"

நாத்தனார் யோசித்தாள். "யாரும் பார்த்ததில்ல. தள்ளாடித் தள்ளாடி வருவாரு. ஊரே சொல்லுச்சு, நாங்களும் அப்படியே நினைச்சுக்கிட்டோம்."

தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். பென்சில் அப்படியே நின்றிருந்தது.

"கூடப் பிறந்தவங்க?"

"உன் புருஷன் ஒருத்தன்தானே! அவனுக்கும் கை இப்படித்தான் ஆடுது. ஆனா அவன் குடிக்கிறான்னு நீதானே சொன்னே? எங்க வீட்டுக்கு வந்து ஒரு சொட்டு தொடலை. அதான் எனக்கும் புரியலை."

அவள் ஒரு கட்டம் போட்டாள். பக்கத்தில் தனக்கு ஒரு வட்டம். கீழே கோடு இறக்கி, மகளுக்கு ஒரு வட்டம். பிறகு "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளைப் பிடுங்கினேன். "அழுதது போதும். எழுந்திரு, போய் அந்த மனுஷனைக் கூட்டிட்டு வருவோம்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

நாத்தனார் வீட்டுப் பின்னறையில் அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் போய் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க குடிக்கலைங்க. இது வியாதி. உங்க அப்பாவுக்கும் இதேதான். நான்தான் நம்பாம போனேன்."

முதலில் விழித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "வியாதியா? அப்பாடா!" வியாதி என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. நாக்கு குழறக் குழற, "நான்தான் சொன்னேனே! சொன்னேன்ல? பாப்பாவுக்கு இப்பவே போன் போடு. அப்பா குடிகாரன் இல்லன்னு சொல்லு" என்றார்.

அவள் போனைக் கையில் எடுத்தாள். அழைக்கவில்லை.

"போடேன். ஏன் நிக்கிறே?"

"உங்க அப்பா, உங்க அக்கா, நீங்கன்னு வருதுங்க..."

அவருக்கு மெதுவாகத்தான் எட்டியது. சிரிப்பு போயிற்று. "அப்போ பாப்பாவுக்கு?"

"பாதிக்குப் பாதி."

போனை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார். "வேணாம். நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்."

நான் விடுவேனா? "நாளைக்கு அவளுக்குக் கல்யாணம், குழந்தைன்னு வராதா? தெரிஞ்சுக்க வேண்டியவ அவதானே!" என்று வெளியே வந்ததும் அக்காவிடம் கத்தினேன். "சொல்லத்தான் வேணும். வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள். "ஆனா அந்த மனுஷன் சொன்ன எதையும் இத்தனை நாள் நான் கேட்டதில்லை. இதையாவது கேக்கறேனே."

அவரை அன்றே வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நான்தான் அவருக்கு ரத்தம் எடுத்தேன். நினைத்தது நினைத்தபடியே வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கை காட்டினார். ஆடுகிற கைகளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, நாற்காலி சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டார். மகள் தன் மேலதிகாரியைப் போலப் பேசிக் காட்டினாள். அவர் சத்தமில்லாமல் சிரித்தார். கடைசியில் மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ஆளு இன்னும் குடிக்கிறாராம்மா?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா" என்றாள்.