நூல் வித்தை

என் மாமாவின் வலது மூக்கில் நுழைகிற நூல் இடது மூக்கு வழியாக வெளியே வரும். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்து, மெழுகுவத்தியில் உரசி விறைப்பாக்கி, அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுவார். ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபக்கத்தில் நுனி எட்டிப் பார்க்கும், ஈர மண்ணிலிருந்து தலை நீட்டும் புழுவைப்போல. இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு தயிர் கடைகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுப்பார். தெருப் பிள்ளைகள் நாங்கள் ஊவென்று கத்துவோம். எதிர் வீட்டுக்காரியின் சித்தப்பா கட்டைவிரலைத் துண்டாக்கி ஒட்டுகிற வித்தை காட்டுவார். அது மடக்கிய விரல் என்று மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டோம். என் மாமாவின் வித்தையில் ஏமாற்று இல்லை. நிஜமாகவே உள்ளே போனது, நிஜமாகவே வெளியே வந்தது.

“வலிக்கலையா மாமா?”

“வலிச்சா செய்வனா பாப்பா?”

அவர் அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததால் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். சீர்வரிசையில் வந்தது ஒரு அண்டாவும் ஒரு தம்பியும் என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டுக் கரும்பு லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தம்பியை ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு அந்த வருஷம் சாமியிடம் கேட்க வேறு எதுவும் இருக்கவில்லை.

மாமா கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டுப் பக்கம் ஒரு முலாம் பட்டறையில் வேலை பார்த்தார். லாரி பம்பர், மோட்டார் சைக்கிள் சைலன்ஸர், சைக்கிள் ரிம். துருவாக உள்ளே போவதெல்லாம் கண்ணாடியாக வெளியே வரும். லீவு நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது நான். வழியில் ஒரு நீளச் சுவர். அதில் நீல எழுத்தில், உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டப் பழகியதே அந்தச் சுவரில்தான். நடந்துகொண்டே பாட்டாகப் பாடுவேன், தூக்குச்சட்டி தாளம் போடும்.

பட்டறையில் முதல் வேலை துரு போகத் தேய்ப்பது. சுற்றுகிற சக்கரத்தில் தேய்ப்பவரின் பல்லைத் தவிர எல்லாம் கறுப்பு. பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கொதிக்கிற காரத் தண்ணீர். பிறகு ஆசிட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல தண்ணீர். மாமா பம்பரைத் தூக்கி, அதன்மேல் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். முத்துமுத்தாக உருண்டால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஈரத்துணி போர்த்தியதுபோல் ஒரே விரிப்பாக மூடினால்தான் சுத்தம். அதற்குமேல் யாரும் விரல் வைக்கக் கூடாது. வைத்த இடத்தில் முலாம் ஒட்டாது, ஒரு நாள் தோலாக உரியும்.

நிக்கல் தொட்டி மருதாணி அரைத்த பச்சை. துணிப் பைக்குள் நிக்கல் கட்டிகள் ஒரு பக்கம், செம்புக் கம்பியில் கட்டிய பம்பர் நடுவில். மூலையில் ஒரு பெட்டி உறுமும், முள் நடுங்கும். கரண்ட் ஓட ஓடக் கட்டி கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் நடந்துபோய் இரும்பின்மேல் படியும். கடைசியில் குரோம் தொட்டி. காய்ந்த ரத்தத்தின் நிறம். அதில் தொங்குவது ஈயத் தகடு, அது கரையாது. குரோம் அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. சில நிமிஷம்தான். தொட்டி பொங்கும், நுரைக்கும், ஒவ்வொரு குமிழும் உடையும்போது பனிபோல ஒரு மஞ்சள் மூட்டம் எழும்பும்.

“முக்காவாசி கரண்ட்டு நுரைக்குத்தான் போவுது. மிச்சம் மீதிதான் இந்தப் பளபளப்பு. ஓடு பாப்பா, மூக்கப் பொத்திக்கினு ஓடு” என்பார் மாமா. அவர் முகத்தில் ஒரு துண்டு கட்டியிருக்கும், அவ்வளவுதான். சுவரில் ஒரு காற்றாடி இருந்தது. அதன் இறக்கையில் சிலந்தி குடும்பம் நடத்தியது. பட்டறையின் பின்வாசலைத் திறந்தால் கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரியும். வாசலடியில் மஞ்சள் தண்ணீர் ஓடும் வாய்க்கால், ஓரத்தில் ஒரு புல்லும் இல்லை.

அவர் விரல்களில் குழிகள் இருந்தன. காம்பஸ் முள்ளால் குத்திக் குடைந்ததுபோல, வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் கறுத்து. அதுவும் வலிக்காது என்றார். இன்னொரு விளையாட்டும் எங்களுக்குள் இருந்தது. சோற்றைத் திறந்ததும் என் மூக்கருகே நீட்டுவார். “ஊசிப்போச்சா பாரு.” நான் முகர்ந்து சொன்ன பிறகே சாப்பிடுவார். பால், மீன், துவைத்த சட்டை, எல்லாவற்றுக்கும் என் மூக்குதான். எனக்கு அது பெரிய பதவி.

மலையடிவாரத்து ஊரொன்றில் பெண் பார்த்தார்கள். நான் போகவில்லை. பெண் கறுப்பு, சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது என்று அம்மா வந்து சொன்னாள். மாமாவுக்குக் காது சிவந்தது. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் அப்பாவும் அத்தையும் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. வந்து கை நனைத்துவிட்டால் முடிந்த மாதிரிதான்.

காலையிலிருந்து அம்மா பறந்தாள். மாமாவுக்கு முழுக்கைச் சட்டை. “கைய மடியிலயே வெச்சிக்கினு ஒக்காரு. பஜ்ஜி எடுத்தா ஒன்னுதான், டக்குனு வாயில போட்டுக்கோ.” என் பக்கம் திரும்பி, “நீ பேசாத இருந்தாலே கல்யாணம் ஆயிடும்.”

மாமா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “சட்டையில பட்டறை வாட வருதா பாரு.”

வந்தது. தோய்த்தும் போகாத ஒரு புளித்த இரும்பு வாடை. அவர் முகத்தைப் பார்த்தேன். “வரல மாமா” என்றேன்.

பெண்ணின் அப்பா கலகலப்பான ஆள். தோளில் ஒரு சாக்கு. உள்ளே வருமுன்பே வீட்டுக்குள் பலாப்பழ வாசம் வந்துவிட்டது. எனக்கு வாயெல்லாம் எச்சில். சாக்கை நடு வீட்டில் இறக்கியதும் மாமா மரியாதைக்கு எதையாவது பேச வேண்டுமே என்று, “மூட்டையில இன்னாங்க?” என்று கேட்டார்.

அவர் சிரித்தார். “தெருமொனையிலயே மணக்குது, மாப்ள கேலி பண்றாரு பாரு!”

மாமாவும் சிரித்தார், ஒரு நொடி பிந்தி. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான பெண்மணி, மூக்குத்தியில் சிவப்புக் கல். “ஏன் தம்பி, சளிகிளி புடிச்சிருக்குதா?”

“ஆமாங்க, லேசா” என்றாள் அம்மா முந்திக்கொண்டு.

அதற்குப் பிறகு பேச்சு நொண்டியது. காபி ஆறியது. அத்தையின் கண் மாமாவின் முகத்திலேயே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது: இவர்களுக்கு மாமாவைப் பிடிக்கவில்லை. மாமா எவ்வளவு பெரிய ஆள் என்று இவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா என் கன்னத்தைக் கிள்ளி, “இன்னாம்மா, உன் மாமன் எப்படி, நல்லவனா?” என்று கேட்டபோது எனக்குள் அடைத்து வைத்திருந்தது உடைந்தது.

“எங்க மாமா மூக்குல நூல் விடுவாரு! இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வரும்!”

“ஏய்!” என்றாள் அம்மா.

“நிஜமா! உள்ள ஓட்டை இருக்குது. வலிக்கவே வலிக்காது. கையில கூட ஓட்டை இருக்குது, ஊசி வெச்சிக் குத்துனாலும் வலிக்காது!”

ஊசி என்பது நானாகச் சேர்த்தது. சும்மா, பெருமைக்கு.

வீட்டில் பலாப்பழ வாசம் மட்டும் இருந்தது. அத்தை காபி டம்ளரைத் தரையில் வைத்தாள், சத்தமே வராமல். பெண்ணின் அப்பா மெதுவாகச் சொன்னார், “தம்பி, கையக் காட்டுப்பா.”

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்து இரண்டு கைகளையும் நீட்டினார். வாத்தியாரிடம் பிரம்படி வாங்க நீட்டுகிற மாதிரி.

“பட்டறை வேலைங்கண்ணா, ஆசிட்டு படுது, வேற ஒன்னும் இல்லீங்க. கொஞ்ச நாள் வேலைக்குப் போவலன்னா ஆறிடும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். பெண்ணின் அப்பா தலையாட்டிக்கொண்டே எழுந்தார்.

“எங்க ஊருல ஒருத்தரு. இப்பிடித்தாம்மா, வலிக்கல வலிக்கலன்னு சொல்லிக்கினே இருந்தாரு. மூக்குலதான் ஆரம்பிச்சது.” பிறகு, “பஸ்ஸு போயிடும்.”

பஜ்ஜித் தட்டு அப்படியே இருந்தது. யாரும் கை நனைக்கவில்லை. பலாப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். அதை நாங்கள் அறுக்கவில்லை. இரண்டு நாள் வீடு முழுக்க மணந்து, மூன்றாம் நாள் அழுகல் வாடை எடுத்து, அம்மா மாட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். மாமா அந்த மூன்று நாளும் அதே கூடத்தில் எந்த வாடையும் தெரியாமல் படுத்திருந்தார்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவின் கையைப் பஞ்சால் தொட்டும் ஊசியால் குத்தியும் பார்த்தார்கள். சுவரில் எழுதியிருந்த அந்த நோய் இல்லை, குரோம் புகை மூக்கின் நடுச்சுவரைத் தின்றிருக்கிறது, தொழிலை விடு என்று டாக்டர் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மாமா மலையடிவாரத்துக்குப் போனார். பெண்ணின் அப்பா சீட்டைக் கையில் வாங்கவில்லை. அங்கிருந்தே படிக்கச் சொன்னார். அது இங்கிலீஷில் இருந்தது. மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். தனக்கு நோய் இல்லை என்று ஒருவன் திக்கித் திக்கி வாசித்தால் யார் நம்புவார்கள்? இதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து அம்மா சொன்னது.

சொல்லாத ஒன்றை நானே பார்த்தேன். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள்தான் அம்மா. டாக்டர் சொன்னதைத் தெருவெல்லாம் சொன்னவள். ஆனால் அந்த ஆடியிலிருந்து மாமாவின் தட்டைத் தனியாக வைத்தாள். வெந்நீர் போட்டுத் தனியாகக் கழுவினாள். கழுவும்போது அழுதாள். அழுதுகொண்டே தனியாகத்தான் கழுவினாள்.

நூல் வித்தை காட்டச் சொன்னால், “நூலு தீந்துபோச்சு பாப்பா” என்றார் மாமா. தையல் பெட்டியில் முழு உருண்டை இருந்தது. ஐப்பசியில் ஒரு நாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மெட்ராஸ் பக்கம் ஒரு பெரிய பட்டறைக்குப் போய்விட்டார். அதே தொழில். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

இப்போதும் ஏதாவது லாட்ஜ் குளியலறையில் குரோம் குழாயில் என் முகம் தெரியும். மூக்கு மட்டும் பெரிதாக, முகம் அதன் பின்னால் ஒடுங்கி. தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்தப் பொங்கலுக்கு மாமா வந்தார். இளைத்திருந்தார், ஆனால் சிரித்தார். கையில் புது வாட்ச். ஸ்வீட் பொட்டலம் பிரித்தபோது எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. அம்மா மூடி அலமாரியில் வைத்தாள். நான் அவர் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

“அங்க நூல் வித்தை காட்டுனியா மாமா?”

“அங்க யாருகிட்ட காட்டுறது? குரோம் தொட்டில நிக்கிறவன் எல்லாருக்கும் அது வரும் பாப்பா. எட்டுப் பேரு. ஒரே நூல விட்டா எட்டு மூக்குலயும் பூந்து மால மாதிரி வெளிய வந்துடும். மேஸ்திரிக்கு சுண்டு விரலே போவுது. அங்க நான்தான் கத்துக்குட்டி.” சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். “அங்க எல்லாரும் ஒரே தட்டுலதான் துன்றோம், தெரியுமா?”

நான் எழுந்து பின்கட்டுக்கு ஓடி, துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து, “மாமா ஊருக்குப் போவுதேன்னா அழுவுற?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய். உலகத்திலேயே என் மாமா ஒருவருக்குத்தான் தெரியும் என்று நான் நம்பியிருந்த வித்தை, பேர் தெரியாத எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் அன்றைக்கு அப்படி அழுதேன்.